குறுந்தகட்டின் கையேட்டில் ஒரு கூடத்தின் பெயர்

எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பியவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் புதுச்சேரியில் இன்றும் அந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறோம். அவ்வீட்டுப் பெரியவர் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் ரெக்கார்டு பிளேயரில் ஓடவிடும் இசைத்தட்டுகளுள் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் இசை அடங்கிய தட்டு ஒன்று உண்டு. ஆந்த்ரே க்ளூய்தான்ஸ் நடத்தியது, 1961ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் பாரிஸில் பதிவானது. பல ஆண்டுகளுக்குப் பின் அதே பதிவைக் குறுந்தகடாக அவருடைய பேரன் பாரிஸிலிருந்து கொண்டுவந்து எனக்குக் கொடுத்தபோதுதான் அதன் கையேட்டை நான் முழுமையாகப் படித்தேன். இயற்றியவர், நடத்துநர், இசைக்குழு ஆகிய மூன்று பெயர்களுக்குக் கீழே பொடி எழுத்தில் நான்காவதாக ஒரு பெயர் இருந்தது: ஸால் வாக்ராம், அதாவது வாக்ராம் கூடம். அந்த நான்காவது பெயரைப் படிக்கத் தெரிந்தால் பாரிஸின் சிம்பொனி இசையைக் கேட்கும் விதமே மாறும் என்பது என் எண்ணம். ஏனெனில் பாரிஸ், உலகின் மிகச் சிறந்த இசைக்குழுக்களுள் சிலவற்றை நெடுங்காலம் வைத்திருந்தும், அவற்றுக்குத் தகுந்த பெரிய கூடம் ஒன்று இல்லாமல் ஏறத்தாழ நூறாண்டுகள் தவித்த நகரம். அந்தத் தவிப்பின் தடம் அதன் கச்சேரிகளிலும் பதிவுகளிலும் காதால் கேட்கும்படியே பதிந்திருக்கிறது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நம் பக்கத்தில் ஆர்கெஸ்ட்ரா என்றால் திருமண வரவேற்பிலும் கோயில் திருவிழாவிலும் திரைப்பாடல்கள் பாடும் மெல்லிசைக் குழு நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது, வயலின் முதல் டபுள் பாஸ் வரையிலான வில் கருவிகள், குழல்கள், பித்தளைக் கருவிகள், தாளக் கருவிகள் என எண்பது முதல் நூறு பேர் ஒரு நடத்துநரின் கையசைவுக்கு இணங்கி, எழுதப்பட்ட இசையை ஒலிபெருக்கி ஏதுமின்றி வாசிக்கும் சிம்பொனி இசைக்குழு. ஒலிபெருக்கி இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் சபாக் கச்சேரியில் பாடகரின் குரல் கடைசி வரிசையை அடைவது மைக்கின் பொறுப்பு. நாகசுரமும் தவிலும் திறந்தவெளியில் நான்கு வீதிக்கும் கேட்பதற்கென்றே உருவானவை. சிம்பொனி இசைக்குழுவுக்கோ கூடத்தின் சுவரும் கூரையும்தான் ஒலிபெருக்கி. ஒரு தனிப் புல்லாங்குழலின் மெல்லிய சுரம் கடைசி வரிசைக்குப் போவதும், நூறு பேர் சேர்ந்து முழங்கும்போது அந்த முழக்கம் காதைக் குத்தாமல் உருண்டு திரண்டு வருவதும் கட்டடத்தின் வேலைகள்.

இதைப் புதுச்சேரியிலேயே சோதித்துப் பார்க்கலாம். கூட்டமில்லாத ஒரு பகல் வேளையில் மிஷன் வீதியில் உள்ள சம்பா கோயிலுக்குள் நின்று மெல்ல ஒருமுறை கைதட்டினால், அந்த ஒலி உடனே அடங்காமல் மேற்கூரை வளைவுகளில் சுற்றி, சற்று நேரம் கழித்தே ஓய்கிறது. அதே கைதட்டலைத் துணித் திரைகளும் மெத்தை இருக்கைகளும் நிறைந்த அரங்கில் செய்தால் பிறந்த இடத்திலேயே மடிந்துவிடும். நம் இசையில் ஒரு சுரத்தை நீட்டி நிறுத்துவதைக் கார்வை என்கிறோம். கட்டடம் தானாகத் தரும் இந்த நீட்சியைக் கூடத்தின் கார்வை என்று அழைக்கலாம். பேச்சுக்கு ஏறக்குறைய ஒரு விநாடிக் கார்வை போதும். அதற்குமேல் போனால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். கற்கோயிலில் பல விநாடிகள் நீடிக்கும் கார்வை கோரஸ் பாடலுக்கு அழகு சேர்த்தாலும் விரைவான வயலின் வாசிப்பைச் சேறாக்கிவிடும். சிம்பொனி இசைக்கு ஏற்றது இரண்டு விநாடிக்கு அருகில் என்பது அனுபவத்தில் தேறிய கணக்கு. இதைக் கணக்காக்கியவர் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியலாளர் வாலஸ் சாபின். 1895இல், பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. இரவு நேரங்களில் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் ஒலி எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்று அளந்து, கார்வையின் நீளம் கூடத்தின் கன அளவைப் பொறுத்துக் கூடும், ஒலியை உறிஞ்சும் பரப்பைப் பொறுத்துக் குறையும் என்று நிறுவினார். மனிதர்களும் ஒலியை உறிஞ்சுபவர்களே. ஆகவே ஆளில்லாத கூடமும் நிரம்பிய கூடமும் ஒலியளவில் வெவ்வேறு கூடங்கள். இந்த உண்மை பின்னர் வாக்ராம் கூடத்தைப் புரிந்துகொள்ள உதவும்.

பாரிஸில் சிம்பொனிக் கச்சேரி ஒரு நிலையான வழக்கமாக வேரூன்றியது 1828 மார்ச் 9 அன்று என்று சொல்லலாம். கொன்செர்வத்துவார் எனப்படும் அரசு இசைக் கல்லூரியின் ஆசிரியர்களையும் மாணவர்களையும் திரட்டி பிரான்ஸுவா ஆபெனெக் தொடங்கிய இசைக்குழு, அன்று அக்கல்லூரியின் கூடத்தில் பேத்தோவனின் மூன்றாம் சிம்பொனியை வாசித்தது. ஆபெனெக் கையில் கோல் வைத்துக்கொள்ளவில்லை. முதல் வயலினுக்குரிய தாளைப் பார்த்து வயலின் வில்லாலேயே நடத்தினார். (இதற்கு முந்தைய ஆண்டான 1827இல்தான் புதுச்சேரியில் பொதுநூலகம் தொடங்கப்பட்டது. அது இன்று தாங்கும் பெயர் ரோமன் ரோலண்டுடையது. இலக்கியத்துக்கு நோபல் பரிசு பெற்ற அவர் பாரிஸில் இசை வரலாறு கற்பித்தவர், பேத்தோவனைப் பற்றி வாழ்நாளெல்லாம் எழுதியவர். அவர் பெயருக்குப் பின்னால் இருக்கும் இசையை நம் ஊரில் இன்னும் பலர் அறிய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.) அடுத்த சில ஆண்டுகளில் பேத்தோவனின் சிம்பொனிகளுக்கு பாரிஸில் அசையாத இடம் கிடைத்தது. 1830 டிசம்பர் 5 அன்று அதே கூடத்தில் 27 வயதை எட்டாத பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸின் ‘அதிசய சிம்பொனி’யும் ஆபெனெக்கின் நடத்துகையில் அரங்கேறியது.

அந்தக் கூடம் 1811இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு மட்டுமே இடம் கொண்ட, பெரும்பாலும் மரத்தாலான சிறிய அரங்கம். அதன் ஒலி அவ்வளவு நேர்த்தியானது என்பதால் உலகிலேயே மிக உயர்வாக மதிக்கப்படும் வயலின் வகையோடு ஒப்பிட்டு, கூடங்களுள் அது ஒரு ஸ்ட்ராடிவேரியஸ் என்று புகழப்பட்டது. ஆனால் சிறியதாக இருந்ததே அதன் குறையும் ஆயிற்று. ஞாயிறு பிற்பகல் கச்சேரிகளின் சந்தா இருக்கைகள் பரம்பரைச் சொத்தைப் போலக் குடும்பங்களுக்குள்ளேயே கைமாறின. வெளியார் நுழைவது அரிது. இதை உடைத்தவர் ஜூல் பாத்லூ. 1861இல் அவர் மக்கள் கச்சேரிகள் என்ற பெயரில் தொடங்கிய ஞாயிறு நிகழ்ச்சிகளுக்கு இடமாகத் தேர்ந்தது ஒரு சர்க்கஸ் கட்டடத்தை. குதிரைகள் சுற்றிவந்த வட்டத்தில் இசைக்குழு அமர, சுற்றிலும் ஆயிரக்கணக்கானோர் குறைந்த கட்டணத்தில் மொஸார்ட்டையும் பேத்தோவனையும் கேட்டனர். பின்னர் 1873இல் கொலோன் குழுவும் 1881இல் லமூரே குழுவும் தோன்றின. அவை வாசித்ததும் பெரும்பாலும் நாடக அரங்குகளில்தான். அதாவது பாரிஸில் கேட்போர் கூட்டம் பெருகியது, இசைக்குழுக்கள் பெருகின, ஆனால் இசைக்கென்றே கட்டிய பெரிய கூடம் மட்டும் வரவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இரண்டு முயற்சிகள் நடந்தன. முதலாவது, 1913இல் ஒகுஸ்த் பெரே வலுவூட்டிய கான்கிரீட்டில் கட்டிய ஷான்ஸெலிஸே தியேட்டர். அவ்வாண்டு மே 29 அன்று ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’ அங்கே பியேர் மோந்தேயின் நடத்துகையில் அரங்கேறி, அவையில் எழுந்த கூச்சலால் உலகப் புகழ் பெற்றது. அழகான அரங்கம்; ஆயினும் அடிப்படையில் அது நாடகத்துக்கும் நடனத்துக்கும் ஆனது என்பதால் கார்வை குறைவு, வறண்ட ஒலி. இரண்டாவது முயற்சி இன்னும் துணிச்சலானது, இன்னும் துயரமானதும்கூட. ப்ளேயெல் பியானோ நிறுவனத்தின் தலைவர் குஸ்தாவ் லியோன், ஒலியியலைத் தாமே ஆராய்ந்து, ஏறக்குறைய 3,000 இருக்கைகள் கொண்ட ப்ளேயெல் கூடத்தை 1927 அக்டோபரில் திறந்தார். மேடையில் எழும் ஒலியில் சிறிதும் வீணாகாமல் அவையை நோக்கி அனுப்ப வேண்டும் என்பதற்காக, வாகனத்தின் முகப்பு விளக்கில் ஒளியைக் குவிக்கும் கண்ணாடி போன்ற வளைவைக் கூரைக்குக் கொடுத்தார். கணக்குத் தப்பவில்லை, ஒலி உண்மையாகவே பின்வரிசைக்குப் போயிற்று. ஆனால் அதே வளைவு, பின்பக்கம் மோதிய ஒலியை மேடைக்குத் திருப்பி எதிரொலியாக அனுப்பியது. அதோடு, பக்கச் சுவர்களிலிருந்து வந்து கேட்பவரை நாற்புறமும் சூழ வேண்டிய ஒலி வராமல் போயிற்று. ஓராண்டு நிறைவதற்குள், 1928 ஜூலையில், உட்புறம் தீக்கிரையானது. அவசர அவசரமாகச் செப்பனிட்டார்கள். நிறுவனம் கடனில் மூழ்கியது. கூடம் வங்கியின் கைக்குப் போனது. 1957, 1981, 2006 என மீண்டும் மீண்டும் மாற்றியமைத்தும், பல தலைமுறைகளாகப் பாரிஸின் முதன்மைக் கூடமாக இருந்த ப்ளேயெல் முழு மனநிறைவைத் தந்ததில்லை. ஒலியை ஒளியைப் போல ஒரே திசையில் செலுத்திவிட முடியும் என்ற நம்பிக்கையே அங்கே தோற்றது என்று நான் நினைக்கிறேன்.

இனிப் பதிவுகளுக்கு வருவோம். 1925க்கு முன் மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்புக்கு முன் சில இசைக்கலைஞர்கள் நெருங்கி உட்கார்ந்து வாசிப்பார்கள், அதன் அதிர்வு மெழுகில் நேரடியாகக் கீறப்படும். டபுள் பாஸின் ஒலி கூம்புக்குள் போகாது என்பதால் அதன் இடத்தில் டியூபா என்ற பெரிய பித்தளைக் கருவியை ஊதுவதும் உண்டு. அத்தகைய பதிவில் கூடம் என்பதே இல்லை. மைக் வந்த பிறகுதான் இசைக்குழுவைச் சுற்றியுள்ள காற்றும் பதிவுக்குள் வந்தது. பாரிஸுக்கு இது நல்ல காலம். மோந்தே, தாம் அரங்கேற்றிய ‘வசந்தச் சடங்’கை 1929இல் அந்நகரிலேயே பதிவுசெய்தார். ராவெலின் ‘பொலேரோ’ 1928 நவம்பரில் அரங்கேறி, 1930 ஜனவரியில் இரண்டு வெவ்வேறு பதிவுகளாயிற்று. ஒன்றைப் பியேரோ கொப்போலா, ராவெல் உடனிருக்க நடத்தினார், மற்றொன்றில் லமூரே குழுவை ராவெலே நடத்தினார். ஒரே தாளத்தை ஒரே வேகத்தில் ஏறத்தாழ 16 நிமிடம் தொடர்ந்து, ஒலியளவை மட்டும் படிப்படியாக ஏற்றிக்கொண்டுபோவதே அந்த இசையின் உயிர். அதை நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை தட்டைத் திருப்பி மாற்றிக் கேட்டவர்களின் பொறுமையை நினைத்தால் மரியாதை வருகிறது. அதே ஆண்டு மே மாதம் நடத்துநர் தொஸ்கனீனி நியூயார்க் குழுவுடன் பாரிஸ் வந்து அதை விரைவாக நடத்தியபோது ராவெல் வெளிப்படையாக மறுத்தார். ராவெல் விரும்பிய நடை எது என்பதற்கு அந்த 1930ஆம் ஆண்டுத் தட்டே சாட்சி.

ஐம்பதுகளில் நீண்டநேர இசைத்தட்டும் ஸ்டீரியோவும் வந்தபோது கூடத்தின் பங்கு இன்னும் பெரிதாயிற்று. இடது வலது மட்டுமன்றி முன்பின் ஆழமும் தட்டில் கேட்கலாயிற்று. வறண்ட தியேட்டரும் எதிரொலிக்கும் ப்ளேயெலும் இதற்கு உகந்தவையாக இல்லை. அதனால் பதிவுப் பொறியாளர்கள் தேர்ந்தது வாக்ராம் கூடம், 1865இல் கட்டப்பட்ட ஒரு நடனக்கூடம். மரத்தரை, உயர்ந்த கூரை, சுற்றிலும் மேல்மாடம். இரவுகளில் ஆட்டபாட்டமும் குத்துச்சண்டையும் நடந்த இடம். பகலில் ஆளில்லாமல் இருக்கும்போது உறிஞ்சுவதற்கு உடல்கள் இல்லாததால் அதன் கார்வை நீண்டு, வெதுவெதுப்பாக ஒலிக்கும். க்ளூய்தான்ஸின் ராவெல் பதிவுகளில் வில் கருவிகள் பட்டுத் துணி விரிவதுபோல் படர்வதற்குக் குழுவின் திறமை பாதிக் காரணம் என்றால் அந்தக் காலி நடனக்கூடம் மறுபாதி. கச்சேரிக்குப் போன பாரிஸ்வாசிக்கு எட்டாத ஓர் ஒலி புதுச்சேரியில் தட்டு வழியாகக் கேட்டவருக்குக் கிடைத்தது.

அப்பதிவுகளில் வாசித்த குழு, ஆபெனெக் தொடங்கிய அதே கொன்செர்வத்துவார் இசைக்குழு. அதன் தனிக் குரலையும் கவனிக்க வேண்டும். பிரெஞ்சு பஸ்ஸூன் என்ற தாழ்ந்த சுரங்களுக்கான மரக்குழல், ஜெர்மானிய வகையைவிட மெலிந்த, சற்றே மூக்கொலி கலந்த, நாணலின் உயிர்ப்பு தெரியும் கருவி. நாகசுரத்தின் சீவாளிக்குப் பழகிய நம் காதுக்கு அது உடனே நெருக்கமாகிவிடும். பித்தளை ஹார்னை அங்கே இலேசான அசைவுடன் ஊதினார்கள், ஏறக்குறைய ஒரு பாடகர் குரலை அசைப்பதைப் போல. வேறு நாட்டு விமர்சகர்கள் சிலர் இதைக் குறையாகக் கண்டதுண்டு. என்னைக் கேட்டால் அதுதான் அந்தக் குழுவின் முகவரி. 1967 ஜூனில் க்ளூய்தான்ஸ் மறைந்தார். அதே ஆண்டு பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோவின் காலத்தில் அந்தக் குழு கலைக்கப்பட்டு, அரசு ஆதரவுடன் பாரிஸ் இசைக்குழு உருவாயிற்று. ஷார்ல் முன்ஷின் நடத்துகையில் நவம்பர் 14 அன்று ஷான்ஸெலிஸே தியேட்டரில் அது வாசித்த முதல் கச்சேரியின் மையம் மீண்டும் பெர்லியோஸின் அதே சிம்பொனி. அந்தக் கச்சேரியின் பதிவும், அதையொட்டி முன்ஷ் கேட்போர் இல்லாமல் செய்த பதிவும் இன்று கிடைக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், கச்சேரியில் ஒலி நெருங்கி, வறண்டு, மூச்சு வாங்க ஓடுவதும், பதிவில் அதே இசை அகன்று காற்றோட்டமாக நிற்பதும் தெளிவாகத் தெரியும். மறு ஆண்டே அமெரிக்கப் பயணத்தில் முன்ஷ் காலமானார். பின்வந்த கராயான், ஷோல்டி, பாரென்பாய்ம் முதலியோரின் காலத்தில் உலகப் பொதுவான ஒலியை நோக்கிக் குழு நகர்ந்தது. பழைய பஸ்ஸூனும் படிப்படியாக விலகிற்று. 2003இல் தோன்றிய லே ஸியேக்ல் என்ற குழு, அக்கால பிரெஞ்சுக் கருவிகளைத் தேடியெடுத்து ‘வசந்தச் சடங்’கைப் பதிவுசெய்தபோதுதான் அந்தக் குரலை நல்ல ஒலித்தரத்தில் மீண்டும் கேட்க முடிந்தது.

கூடத்தின் குறை தீர்ந்தது 2015இல். இசையமைப்பாளர் பியேர் பூலேஸ் பல்லாண்டுகள் விடாமல் வலியுறுத்திய பின், பழைய இறைச்சிக்கூட வளாகமாக இருந்த லா வில்லெத் பூங்காவில், ஜான் நுவெல் வடிவமைத்த பாரிஸ் ஃபில்ஹார்மோனி ஜனவரி 14 அன்று திறக்கப்பட்டது. ஷார்லி எப்தோ இதழ் அலுவலகத்தில் நடந்த படுகொலைகளுக்கு ஒரு வாரமே ஆகியிருந்த நேரம்; கொல்லப்பட்டவர்களின் நினைவாக அன்று பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரேயின் இரங்கல் பூசையிசை ஒலித்தது. 2,400 இருக்கைகள் இருந்தும் நடத்துநருக்கும் கடைசி ரசிகருக்கும் இடையே 32 மீட்டர்தான். இசைக்குழு நடுவில், அவை சுற்றிலும். ஒலியியலர் ஹெரால்டு மார்ஷலின் நுட்பம் என்னவென்றால், மாடங்களைச் சுவரோடு ஒட்டாமல் அந்தரத்தில் விட்டதுதான். அருகிலுள்ள வளைவுகள் ஒலியை உடனே திருப்பித் தெளிவைத் தருகின்றன. மாடங்களுக்குப் பின்னால் புகுந்த ஒலி வெளிப்புறக் காலியிடத்தில் சுழன்று கார்வையாகத் திரும்பிவருகிறது. தெளிவும் கார்வையும் ஒன்றையொன்று தின்னும் என்ற பழைய சிக்கலுக்கு இது நேர்மையான விடை. க்ளாவுஸ் மாகெலாவின் நடத்துகையில் பாரிஸ் இசைக்குழு வாசித்து 2023இல் வெளிவந்த ‘வசந்தச் சடங்கு’ பதிவானது இந்தக் கூடத்தில்தான். மோந்தேயின் 1929ஆம் ஆண்டுப் பதிவோடு சேர்த்துக் கேட்டால் ஒரு நகரத்தின் கூட வரலாறே காதில் விரியும்.

புதுச்சேரியில் உறவுகள் பாரிஸில் இருக்கும் வீடுகள் ஏராளம். அங்கே போகிறவர்கள் லா ஷப்பெல் தமிழ்க் கடைத்தெருவுக்குத் தவறாமல் போகிறார்கள். அதையொட்டிய கார் து நோர் நிலையத்தில் மெட்ரோ 5ஆம் வழித்தடத்தில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தமே போர்த் தெ பாந்தேன், இறங்கினால் ஃபில்ஹார்மோனி. மளிகை வாங்கும் மாலையில் ஒரு கச்சேரியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஊரிலேயே இருப்பவர்களுக்கு, அக்கூடத்தின் இணையதளத்தில் கச்சேரி ஒளிப்பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரான்ஸ் மியூஸிக் வானொலியும் தொடர்ந்து ஒலிபரப்புகிறது. பாரிஸில் இரவு 8 மணிக் கச்சேரி குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு 12.30, கோடையில் 11.30. கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் டபுள் பாஸும் கூடத்தின் கார்வையும் முதலில் காணாமல் போகும் என்பதால் நல்ல ஹெட்ஃபோன் தேவை. ‘பொலேரோ’வின் தொடக்கத்தில் சிறு முரசும் அதன்மேல் ஒற்றைப் புல்லாங்குழலும் எழும் அளவு, ஓடும் மின்விசிறியின் ஓசையைவிடக் குறைவு, விசிறியை நிறுத்தாமல் கேட்பவர்கள் ஒலியைக் கூட்டிவைத்துவிட்டுக் கடைசி நிமிடங்களில் பதறிக் குறைக்க வேண்டிவரும். எனவே நான் ‘பொலேரோ’வை மார்கழி, தை இரவுகளுக்கென்று ஒதுக்கிவைத்திருக்கிறேன், விசிறியில்லாமல் பதினாறு நிமிடம் உட்கார முடிவது நம் ஊரில் அந்த இரண்டு மாதங்களில்தான்.